தேய்ந்த உறுப்பும் துருவேறிய உடலும்



யமுனையாற்றின் கிழக்குக் கரையில் அமைந்த மயூர் விஹார், தில்லித் தமிழர்கள் பலர் குடியிருக்கும் பகுதிகளுள் ஒன்று. கூட்டுறவு வீட்டுச் சங்கங்களின் அடுக்கு மாடிகளுக்கிடையே, மரத்தடியிலும் மதிலோரத்திலும், பத்தும் பதினைந்தும் ஆண்டு கண்ட சிறிய கார்கள் நிற்பதை அங்கே காணலாம். சில நாள்தோறும் அலுவலகம் சென்று வருகின்றன. சில வாரத்திற்கு ஒருமுறை கோயிலுக்கு மட்டும் புறப்படுகின்றன. வேறு சில மாதக்கணக்கில் அசைவதேயில்லை. இத்தகைய வண்டியொன்று வேகத்தடையின்மேல் ஏறி இறங்கும்போது முன்சக்கரத்தின் பக்கத்திலிருந்து ‘டக்’ என்று ஓர் ஓசை எழுகிறது. உரிமையாளர் மெக்கானிக்கை நாடுகிறார். “ஷாக் போய்விட்டது, மாற்றவேண்டும்” என்று விடை வருகிறது. பணம் செலவாகிறது, புதிய உறுப்பும் பொருத்தப்படுகிறது. சில வாரங்களுக்குப் பின் அதே ஓசை மீண்டும் கேட்கிறது.

இதற்குக் காரணம் யாது? பழைய காரைப் பொறுத்தவரை நாம் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. முதலாவது, இந்த வண்டி இனி எந்த ஊரில் ஓடப்போகிறது என்பது. இரண்டாவது, அதன் உடலிலுள்ள இரும்பு உறுதியாக இருக்கிறதா என்பது. மூன்றாவது, எந்த உறுப்பு தேய்ந்திருக்கிறது என்பது. பெரும்பாலோர் மூன்றாவது கேள்வியிலேயே தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். தேய்ந்த உறுப்பு கடையில் கிடைக்கும். அந்த உறுப்பு எந்தத் தகட்டில் முடுக்கப்பட்டிருக்கிறதோ அந்தத் தகடு கடையில் கிடைக்காது. ஆதலால் இம்மூன்று கேள்விகளையும் வரிசை தவறாமல் கேட்பதே பணத்திற்கும் உயிருக்கும் காப்பு என்பதை இன்று விளக்க விரும்புகிறேன்.

முதற்கண் வண்டியின் அடிப்பாகத்தைச் சற்றே தெரிந்துகொள்வோம். காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் சக்கரம் விழுந்து எழும்போது ஸ்பிரிங் குதிக்கும்; அந்தக் குதிப்பை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதனுள்ளே எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கிச் செல்வதால் அசைவு தணிகிறது. சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்து நிறுத்துபவை இரும்புக் கைகள். அக்கைகள் உடலோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கும். சக்கரத்தோடு சேரும் இடத்தில், குழியினுள் உருளும் குண்டுபோன்ற பால் ஜாயின்ட் இருக்கும். இவற்றுள் ரப்பர் முதுமையடையும், குண்டு தேயும், எண்ணெய் கசியும். ஓடும் வண்டிக்கு இது இயற்கை.

நம் நாட்டுச் சாலைகளை நீண்டகாலம் ஆண்ட அம்பாசடர் காரில் முன்புறம் முறுக்குத் தண்டும், பின்புறம் அடுக்கடுக்கான வில்பட்டைகளும் இருந்தன. பிரீமியர் பத்மினியில் முன்புறம் சுருள் ஸ்பிரிங், பின்புறம் வில்பட்டை. 1983ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் வெளிவந்த மாருதி 800 மற்றொரு முறையைப் பரவலாக்கியது. சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக இணைந்து நிற்கும் முறை அது. எர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்ததனால் மெக்பெர்சன் ஸ்ட்ரட் என்று பெயர் பெற்றது. 1950ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமான போர்டு கான்சல் கார் இதை ஏற்றது; இன்று சிறிய கார்களில் மிகப் பெரும்பாலானவற்றின் முன்சக்கரங்கள் இந்தத் தூணைச் சார்ந்தே நிற்கின்றன.

இத்தூணின் மேல்முனை எங்கே பொருத்தப்படுகிறது? எஞ்சின் அறையின் இருபுறமும் உள்ள தகட்டுக் கோபுரங்களில். லாரிக்கு இருப்பதுபோன்ற தனிச் சட்டம் இத்தகைய கார்களுக்குக் கிடையாது. மெல்லிய எஃகுத் தகடுகளை மடித்துப் பற்றவைத்து ஆக்கிய உடலே அதன் எலும்பு. ஆகவே அந்தத் தகட்டில் துரு ஏறினால் அதை அழகுக் குறை என்று தள்ளிவிட இயலாது. எலும்பே உளுத்துப்போகிறது என்று கொள்ளவேண்டும்.

இனி முதற்கேள்விக்கு வருவோம். வண்டி எங்கே ஓடப்போகிறது? தில்லியில் வாழ்பவர்க்கு இது சட்டத்தைப் பற்றிய கேள்வி. தேசியத் தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015ஆம் ஆண்டுகளில் ஆணையிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில், வயதை மட்டும் காரணமாகக் கொண்டு உரிமையாளர்மீது நடவடிக்கை எடுக்கவேண்டா என்று அதே நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அவ்வாண்டு டிசம்பரில் அந்த ஆணையைத் திருத்தி, பாரத் ஸ்டேஜ் 4 மற்றும் அதற்கு மேற்பட்ட புகைத் தரமுள்ள வண்டிகளுக்கு மட்டுமே அப்பாதுகாப்பு என்று வரையறுத்தது. 2010 ஏப்ரலில் அந்தத் தரம் தில்லி உள்ளிட்ட 13 நகரங்களில் நடைமுறைக்கு வந்தபோது, அங்கே மாருதி 800 விற்பனை நிறுத்தப்பட்டது. எனவே தில்லியில் வாங்கிப் பதிவுசெய்த மாருதி 800 எதுவும் இன்று அந்தப் பாதுகாப்பின் நிழலில் இல்லை. நம் வண்டி எந்தத் தரம் என்பதைப் பதிவுச் சான்றிதழிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

மற்ற நகரங்களிலும் வயது வரம்பு வேறுவேறு வடிவில் வந்திருக்கிறது. 20 ஆண்டு வரம்பின்படி மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. கொல்கத்தாவின் மஞ்சள் அம்பாசடர் டாக்சிகளும் 15 ஆண்டு வரம்பால் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றன.

எனினும் சொந்தக் காருக்கு நாடெங்கும் 15 ஆண்டோடு வாழ்வு முடிந்துவிடவில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி 15 ஆண்டு முடிந்தபின், தகுதிச் சோதனையில் தேறும் வண்டிக்கு ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவை நீட்டிக்க இடமுண்டு. இதற்கான மத்திய அரசுக் கட்டணம் கார்களுக்கு 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாயிற்று. பணி ஓய்வு பெற்றுத் தமிழகம் திரும்பும் குடும்பம் தன் காரையும் உடன் கொண்டுசெல்ல விரும்பினால், தில்லிப் போக்குவரத்துத் துறையிடம் ஆட்சேபணையின்மைச் சான்று பெற்று, ஊரில் புதிய எண் பெறலாம். அங்கே மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்ப்பார். ஆட்டங்கண்ட சக்கரமும் உளுத்த தகடும் அவர் கண்ணுக்குத் தப்புவது அரிது. வயது வரம்பைத் தாண்டிய வண்டியைத் தில்லிச் சாலையில் ஓட்டிச் செல்வதைவிட, தாள்களை முடித்துக்கொண்டு லாரியில் ஏற்றி அனுப்புவதே பத்திரம். ஆக, இங்கே ஓட உரிமையில்லாத வண்டிக்கு இங்கே ஓட்டுவதற்காகச் செலவு செய்வது வீண். ஊருக்குப் போகும் வண்டிக்கும், இங்கே ஓட உரிமையுள்ள வண்டிக்கும் செய்யும் செலவுக்குப் பொருளுண்டு. அதிலும் இரண்டாவது கேள்விக்கு நல்ல விடை கிடைக்கவேண்டும்.

இரண்டாவது கேள்வி துருவைப் பற்றியது. துருவைப் பற்றிப் பேசும்போது தில்லிவாசிகள் குதுப் மினார் வளாகத்து இரும்புத் தூணை நினையாமல் இருக்க முடியாது. ஏறத்தாழ 7 மீட்டர் உயரமும் 6 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடைய அத்தூண் குப்தர் காலத்தது. 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் இதை நுணுகி ஆராய்ந்தார். அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி. அது மேற்பரப்பில் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. ஈரமும் காற்றும் உள்ளே புகாமல் அது தடுக்கிறது என்று விளக்கினார். நம் காரின் தகட்டுக்கு இயற்கையான அந்தக் கவசம் இல்லை. அதற்குள்ள கவசம் பெயின்ட் ஒன்றே. கல் பட்டு அது பெயர்ந்த இடத்தில் நீரும் காற்றும் இரும்பைத் தொடுகின்றன, துரு பிறக்கிறது. துருவானது தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் அடுக்கிய தகடுகளைப் பிளக்கும். துளையில் இருக்கும் போல்ட்டை இறுகப் பற்றிக்கொள்ளும்.

தில்லியில் கடற்காற்று இல்லையே என்று சிலர் எண்ணுவர். உப்பு இல்லாவிடினும் நீரும் சேறும் போதும். 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டர் என்ற வரலாறு காணாத அளவைத் தொட்டது. மயூர் விஹாரை அடுத்த ஆற்றுப்படுகையில் வாழ்ந்த மக்கள் வீடிழந்து சாலையோர முகாம்களில் தங்கினர். 2024 ஜூன் 28ஆம் நாள் ஒரே நாளில் 228 மில்லிமீட்டர் மழை கொட்டியது. இத்தகைய நாட்களில் நீரில் நின்ற வண்டியின் அடியில், பின்புறக் கைகள் பொருந்தும் குழிகளிலும் சக்கர வளைவின் மடிப்புகளிலும் சேறு அடைந்துவிடும். மேலே வெயிலில் வண்டி காய்ந்துவிட்டாலும் அந்தச் சேறு உள்ளே ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். சென்னையிலிருந்தோ மும்பையிலிருந்தோ மாற்றலாகி வந்தபோது கூடவே வந்த கார் ஆயின், கடல் உப்பும் முன்பே உள்ளே இருக்கும். அங்கே தொடங்கிய வேலையை இங்கே ஈரம் தொடரும்.

ஓடாமல் நிற்பதும் காப்பன்று. முதல் மாருதி 800 காரை இந்திரா காந்தியின் கையிலிருந்து பெற்றவர் தில்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங். அவர் 2010ஆம் ஆண்டில் மறைந்தார். அதன்பின் அந்தக் கார் கிரீன் பார்க் பகுதியில் அவர் வீட்டருகே கவனிப்பாரின்றித் துருவேறி நின்றது. பிற்காலத்தில் மாருதி நிறுவனம் அதைச் செப்பனிட்டுத் தன் தலைமையகத்தில் காட்சிக்கு வைத்தது. வரலாற்றுச் சிறப்புள்ள அந்த ஒரு வண்டிக்கு ஒரு தொழிற்சாலையின் துணை கிடைத்தது. மற்ற வண்டிகளுக்கு நம் கண்ணும் கையுமே துணை.

எனவே புதிய உறுப்பு வாங்குமுன் ஒரு காலைப்பொழுதைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். வண்டியின் அடியை நீர் பாய்ச்சிக் கழுவி உலர விடுங்கள். வெளிச்சமுள்ள விளக்கும், சிறிய சுத்தியலும், ஒரு திருப்புளியும், ஒரு காந்தமும் இருந்தால் போதும். எஞ்சின் அறையில் தூணின் மேல்முனையைச் சுற்றியுள்ள தகடு, கீழ்க்கை உடலோடு சேரும் இடம், குறுக்குத் தண்டைப் பிடித்திருக்கும் பட்டைகள், பின் ஸ்பிரிங் அமரும் கிண்ணம், கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு, ஜாக்கி வைக்கும் இடம் ஆகியவற்றைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உளுத்த தகடு மந்தமாக ஒலிக்கும், பொடி உதிரும், திருப்புளியின் முனை உள்ளே இறங்கும். கருந்தார் பூசிய இடங்களில் அழுத்திப் பாருங்கள். தார் வழவழப்பாக இருக்க, அதன் அடியில் தகடே இல்லாமற் போயிருப்பதுண்டு. காந்தம் ஒட்டாத இடத்தில் மாவு பூசிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அறிக. பழைய கார் வாங்க எண்ணுவோர்க்கும் இச்சோதனை பொருந்தும்.

மேற்பரப்பில் மட்டும் செம்பொடி இருந்தால் அஞ்சவேண்டியதில்லை. கம்பித் தூரிகையால் தேய்த்துத் துருக்காப்புப் பெயின்ட் பூசலாம். ஒரு பட்டையோ தகட்டின் ஓரமோ மட்டும் உளுத்திருந்தால், சிதைந்த பகுதியை நல்ல தகடு தென்படும் வரை வெட்டி நீக்கி, தக்க கனமுள்ள புதுத் தகட்டைத் தேர்ந்த தொழிலாளி பற்றவைக்கலாம். உளுத்த தகட்டின்மேல் மற்றொரு தகட்டை ஒட்டுப்போடுவது பயன்படாது. அந்த ஒட்டு பிடித்துக்கொள்ளுவது உளுத்த தகட்டைத்தான். தூண் நிற்கும் கோபுரம், கீழ்க்கையின் பிடிப்பு, பக்க விளிம்பு ஆகிய பல இடங்கள் ஒருங்கே சிதைந்திருந்தால் அங்கே நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை. மாருதி 800 போன்ற வண்டியில் கீழ்க்கையை முன்பின் நகராமல் பிடித்திருப்பது குறுக்குத் தண்டே. அதன் பட்டை நெடுஞ்சாலை வேகத்தில் பிய்ந்துபோனால் சக்கரம் இடம் பெயரும். ஓட்டுபவர் திருப்பும் திசையில் வண்டி செல்லாது. அவ்வேளையில் புத்தம்புதிய ஷாக் அப்சார்பர் நம்மைக் காவாது.

உடல் உறுதியாக இருப்பது தெரிந்தபின் மூன்றாவது கேள்வி எளிதாகிவிடுகிறது. காரின் ஒரு மூலையை நன்றாக அழுத்திக் கையை எடுங்கள். மேலெழுந்து அடங்கினால் நலம். ஊஞ்சல்போல் மீண்டும் மீண்டும் ஆடினால் அங்கே ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டது. அதன் உடலில் எண்ணெய் வழிந்த ஈரமும், டயரில் குழி குழியான தேய்வும் அதற்குச் சான்றுகள். அடுத்து, வண்டியைத் தூக்கித் தாங்குகால்மேல் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் அசையுங்கள். ஆட்டம் மறைந்தால் குறை சக்கர பேரிங்கில் இருக்கிறது. மறையாவிட்டால் பால் ஜாயின்டில் இருக்கிறது. இடமும் வலமும் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால் ஸ்டியரிங் தண்டின் முனையைப் பார்க்கவேண்டும். ரப்பர் புஷ் வெடித்திருக்கிறதா என்பதைக் கடப்பாரை முனையால் மெல்ல நெம்பினால் கண்ணாலேயே காணலாம். இவ்வாறு சோதித்தால், மூன்று உறுப்பு மாற்றவேண்டும் என்று சொல்லப்பட்ட இடத்தில் ஒரு சிறு புஷ் போதும் என்று தெரியவருவதும் உண்டு.

இந்தி நன்கு பழகாத புதுக் குடியேறிகளுக்காக ஒரு சொல். தில்லிப் பட்டறைகளில் ஷாக் அப்சார்பரை ‘ஷாக்கர்’ என்பார்கள், வில்பட்டை ‘கமானி’, துரு ‘ஜங்க்’, ஓசை ‘ஆவாஸ்’. தகடு உளுத்துவிட்டது என்பதை ‘கல் கயா’ என்று சொல்வார்கள். இந்தச் சொல் மிஸ்திரியின் வாயிலிருந்து வந்தால், எந்த இடம் என்று கேட்டு, உங்கள் கண்ணால் பார்த்துவிட்டே மேற்கொண்டு பேசுங்கள். கழற்றிய பழைய உறுப்புகளைத் தம்மிடம் தரவேண்டும் என்று முன்னரே சொல்லிவைப்பது நல்ல வழக்கம்.

உதிரி உறுப்புகளுக்குத் தில்லியில் பெயர்பெற்ற இடம் காஷ்மீரி கேட் சந்தை. மாயாபுரியில் பிரித்த வண்டிகளின் பழைய உறுப்புகள் கிடைக்கும். கதவுக் கைப்பிடி, விளக்குச் சட்டம் போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம். ஷாக் அப்சார்பர், பால் ஜாயின்ட், ரப்பர் புஷ் ஆகியவற்றைப் பழையதாக வாங்கலாகாது. பழைய ஷாக் அப்சார்பருக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தால் அது புதியதுபோலவே தோன்றும். ரசீதும் பெட்டியும் உள்ள புதிய உறுப்பையே கேளுங்கள். ஷாக் அப்சார்பர்களை இடமும் வலமுமாக இணையாக மாற்றவேண்டும். ஒன்று புதியதும் மற்றொன்று தளர்ந்ததுமாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபுறம் இழுக்கும்.

இனி வேலை நடக்கும் முறை. துருவேறிய வண்டியில் மிகுந்த பொழுதை விழுங்குவது உறுப்பை மாற்றுவதன்று, போல்ட்டைக் கழற்றுவதே. முதல் நாளே கம்பித் தூரிகையால் மரையைத் தேய்த்து, துரு நெகிழ்த்தும் எண்ணெய் விடவேண்டும். மறுநாளும் விடவேண்டும். ஆறு முகமுள்ள சாக்கெட்டே ஏற்றது. பன்னிரண்டு முகமுள்ளது நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். கழற்றுமுன் இம்மியளவு இறுக்கிப் பார்த்தால் துருவின் பிடி உடையும், பிறகு தளர்த்தலாம். அதற்கும் இணங்காவிட்டால் வெப்பம் காட்டுவர். ரப்பர், பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றின் அருகே தீயைக் கொண்டுசெல்லலாகாது. புஷ்ஷின் உள்குழலோடு போல்ட் ஒன்றிவிட்டால் அறுத்தெடுப்பதே வழி. அறுத்த போல்ட்டுக்குப் பதிலாகத் தலையில் 8.8 போன்ற வலிமைக் குறியுள்ள, தயாரிப்பாளர் விதித்த அளவிலான போல்ட்டையே போடவேண்டும். பட்டறைத் தகரப் பெட்டியில் கிடந்த ஏதோவொரு போல்ட் அளவில் ஒத்திருக்கலாம், வலிமையில் ஒத்திராது. பூட்டு நட்டுகளும் கொக்கிப் பின்களும் ஒருமுறைக்கே உரியவை.

மூன்று எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விடமுடியாது. ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டியின் கீழே செல்லலாகாது. செங்கல்லும் துணையாகாது, அது முன்னறிவிப்பின்றிப் பிளக்கும். துருவேறிய காரில் ஜாக்கி வைக்கும் இடமே நொறுங்கக்கூடும் ஆதலால், உறுதியான பகுதியைத் தேர்ந்து தாங்குகால் வைக்கவேண்டும். இரண்டாவது, தூணிலுள்ள ஸ்பிரிங், தூணை வெளியே எடுத்தபின்னும் அழுத்தத்திலேயே இருக்கிறது. அதற்கென உள்ள கருவியால் அதை நெருக்கிப் பிடிக்காமல் மேல் நட்டைக் கழற்றினால் பீரங்கிக் குண்டுபோல் பாயும். வீட்டு முற்றத்தில் முயலவேண்டிய வேலையன்று அது. மூன்றாவது பலரும் அறியாதது. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, சக்கரம் தொங்கும்போது இறுதியாக முறுக்கலாகாது. வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை சக்கரங்களின்மேல் அமர்ந்தபின்பே முறுக்கவேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால், வண்டி இறங்கியவுடன் ரப்பர் முறுக்குண்டு நிற்கும். சில மாதங்களிலேயே கிழிந்துவிடும். புதிய புஷ் போட்டும் ஓசை விரைவில் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். பட்டறையில் நின்று இந்த ஒன்றைமட்டும் கவனித்தாலும் செலவு காப்பாற்றப்படும்.

எல்லாம் முடிந்தபின் வீல் அலைன்மென்ட் பார்ப்பது இன்றியமையாதது. அடியில் வேலை நடக்கும்போதே பிரேக் குழாய்களின் துருவையும் பார்த்துவிடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் போல்ட்டுகளின் இறுக்கத்தை மறுபடியும் சோதிக்கச் சொல்லுங்கள். தில்லியிலிருந்து 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை குவாலியர், நாகபுரி, ஐதராபாத், பெங்களூரு, சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி வரை செல்கிறது. ஓட உரிமையுள்ள வண்டியில் ஊருக்குப் புறப்படுவோர், பழுது பார்த்த மறுநாளே அந்த நீண்ட பிரயாணத்தைத் தொடங்காமல், இரண்டு வாரம் நகருக்குள் ஓட்டிப் பார்த்துப் புறப்படுவது நலம்.

பின்னர்ச் செய்யவேண்டிய பராமரிப்பு எளியது. மழைக்காலம் முடிந்ததும் அடிப்பாகத்தைக் கழுவிச் சேற்றை நீக்குங்கள். கதவு விளிம்பின் அடியிலுள்ள நீர்வடி துளைகள் அடைபடாமல் பாருங்கள். துருவுக்கு மருந்தென்று கழிவு எஞ்சின் எண்ணெயை அடியில் தெளிக்கும் வழக்கம் உண்டு. அந்த எண்ணெய் ரப்பரை ஊதிக் கெடுக்கும். மெழுகு அல்லது அதற்கென உள்ள காப்புப் பூச்சே தக்கது.

நிறைவாக, உடல் மீளமுடியாதபடி உளுத்துவிட்ட வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. முதற்சம்பளத்தில் வாங்கிய கார் என்றும், தந்தையார் ஓட்டிய கார் என்றும், பிள்ளைகள் பள்ளி சென்ற கார் என்றும் அதன்மீது பாசம் இருக்கும். அந்நிய ஊரில் முதன்முதல் நமக்கென்று வாங்கிய உடைமை அதுவாகவே இருக்கலாம். அந்தப் பாசத்தினாலேயே, உள்ளே குழந்தைகள் அமரும் வண்டியை உளுத்த தகட்டின்மேல் ஓட்டலாகாது. அதைத் தெருவில் கூவிவரும் கபாடிக்காரரிடம் அப்படியே கொடுத்துவிடவும் கூடாது. எண்ணும் சாசி எண்ணும் பிறர் கையில் தவறாகப் பயன்படக்கூடும். அரசிடம் பதிவுபெற்ற வாகனப் பிரிப்பு நிலையத்தில் ஒப்படைத்து, ஒப்படைப்புச் சான்று பெற்றுப் பதிவை நீக்கிக்கொள்ளவேண்டும். அச்சான்றைக் காட்டினால் புதிய சொந்த வண்டிக்கான வாகன வரியில் 25 விழுக்காடு வரை சலுகை அளிக்க மத்திய விதிகள் மாநிலங்களுக்கு இடம் தருகின்றன.

அடுத்த முறை வேகத்தடையின்மேல் அந்த ‘டக்’ ஓசை கேட்டால், கடைக்குச் செல்லுமுன் சுத்தியலோடு ஒருமுறை வண்டியின் அடியைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று விடை வந்தால், மனநிறைவோடு புதிய உறுப்பை வாங்கி மாட்டுங்கள். அந்த வண்டி இன்னும் சில ஆண்டு உங்களுக்கு உழைக்கும்.